நாலு பக்கமும் ஒரு வரியும்: ஓர் உதவி இயக்குநருக்குக் கடிதம்

அன்புள்ள தம்பிக்கு,

உன் கடிதம் கிடைத்தது. நாலு பக்கத்துக்கு ஒரு சைக்கோ த்ரில்லர் எழுதியிருக்கிறாய். கொலைகாரன் யார் என்று எனக்கு இரண்டாம் பக்கத்திலேயே தெரிந்துவிட்டது. அதைப் பெரிய குறையாகச் சொல்லவில்லை, இந்த வகைப் படங்களை நாம் எல்லோருமே அளவுக்கு மேல் பார்த்துவிட்டோம். கடிதத்தை முடிக்கும்போது, போகிற போக்கில், ஒரு வரி எழுதியிருக்கிறாய். செங்கல் சூளையில் வேலை பார்த்துப் பார்த்து அப்பத்தாவுக்குக் கைரேகை தேய்ந்துவிட்டது, ரேஷன் கடை மிஷினில் விரல் விழ மாட்டேன் என்கிறது, அதைப் பார்க்க ஊருக்குப் போகிறேன், பதில் மெதுவாக வந்தால் போதும் என்று.

மெதுவாகத்தான் எழுதுகிறேன். ஆனால் த்ரில்லரைப் பற்றி அல்ல, அந்த வரியைப் பற்றி. இதைப் பத்திரிகையில் போட நீ சம்மதித்தது நல்லது. வடபழனியிலும் சாலிகிராமத்திலும் நாலு பேர் சேர்ந்து அறை எடுத்துத் தங்கி ‘லைன்’ தேடிக்கொண்டிருக்கும் பிள்ளைகள் எல்லோருக்கும் உன்னுடைய கேள்வி இருக்கிறது: ஒரு கதை நமக்கு உண்மையிலேயே வேண்டியதுதானா, அல்லது வேண்டியது போல் தோன்றுகிறதா, எப்படித் தெரிந்துகொள்வது?

த்ரில்லரை நீ தயாரிப்பாளரை மனதில் வைத்து எழுதினாய். ஒவ்வொரு திருப்பத்திலும் ‘இங்கே கை தட்டுவார்கள்’ என்ற கணக்கு தெரிகிறது. அப்பத்தா விஷயத்தில் அந்தக் கணக்கே இல்லை. அதை ஒரு கதை என்றே நீ நினைக்கவில்லை. இந்த ஒரு காரணத்துக்காகவே அதை நான் நம்புகிறேன். ஆனால் நம்பிக்கை முதல்படிதான். பிடித்திருக்கிறது என்பதற்காக எல்லாமே படம் ஆகிவிடாது. ஒரு கதையின் மேல் இருக்கும் ஆசையைச் சோதிக்க எனக்குத் தெரிந்த வழி, அதைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கைவிட்டுப் பார்ப்பது. கதையில் வேறு ஆளைப் போடு, எதிர்த் தரப்பு ஆளிடம் கொடு, இன்னொருவர் வாயில் கொடு. அதற்குப் பிறகும் அது உன்னிடம் திரும்பி வந்தால் அது உன்னுடையது.

பி.எஸ். வினோத்ராஜ் ‘கூழாங்கல்’ எடுத்த கதை உனக்குத் தெரிந்திருக்கும். அவருடைய தங்கையைக் கணவன் வீட்டில் துரத்திவிட, அந்தப் பெண் கைக்குழந்தையோடு பதின்மூன்று கிலோமீட்டர் நடந்து தாய்வீடு வந்து சேர்ந்திருக்கிறார். எந்த அண்ணனுக்கும் வயிறு எரியும். அந்த எரிச்சலோடு உட்கார்ந்து எழுதினால் என்ன வந்திருக்கும்? வெயிலில் ஒரு பெண் அழுதுகொண்டே நடக்கும் படம். நாமும் கூடவே அழுதுவிட்டு வீட்டுக்குப் போயிருப்போம். வினோத்ராஜ் ஒரே ஒரு காரியம் செய்தார். அந்தத் தூரத்தை அந்தக் கணவன் நடந்தால் எப்படி இருக்கும் என்று நினைத்துப் பார்த்தார். குடிகாரத் தகப்பன், பள்ளிக்கூடத்திலிருந்து இழுத்துவரப்பட்ட மகன், கோபித்துக்கொண்டு போன மனைவியைக் கூட்டி வரக் கிளம்புகிறார்கள். பஸ்ஸுக்கு வைத்திருந்த பணத்தைப் பையன் கிழித்துப் போட்டுவிடுகிறான். அவ்வளவுதான், திரும்பி வர நடந்தே ஆகவேண்டும். மேலூர்ப் பக்கத்துப் பொட்டல், உச்சிவெயில், ஒன்றே கால் மணி நேரப் படம். 2021இல் ரோட்டர்டாம் விழாவில் டைகர் விருது வாங்கியது.

அந்தப் பணத்தைக் கிழிக்கிற பையனை யோசித்துப் பார். அவன் தங்கையின் நிஜ சம்பவத்தில் இல்லை. நடக்கிற ஆளை மாற்றியதால்தான் அவன் உள்ளே வந்தான். கோபத்தை அப்படியே வைத்துக்கொண்டு ஆளை மட்டும் மாற்றியிருக்கிறார். கோபம் அவருடைய தங்கைக்கானது, கதை அந்தப் பையனுடையது.

இப்போது உன் அப்பத்தாவிடம் வருவோம். நீ இதை எப்படி எழுதுவாய் என்று எனக்குத் தெரியும். விரல் விழவில்லை, கடைக்காரர் அரிசி இல்லை என்கிறார், அப்பத்தா வெறும் பையோடு திரும்புகிறாள், பின்னணியில் ஒரு புல்லாங்குழல். மிஷினுக்கு மனிதரைத் தெரியவில்லை என்று ஒரு வசனம். இது நிலைமை, இன்னும் கதை ஆகவில்லை. நிலைமையைப் பார்த்து ஐயோ பாவம் என்று சொல்லலாம். அடுத்து என்ன என்று யாரும் கேட்க மாட்டார்கள்.

அதனால் முதலில் போய் அந்தக் கடையில் நில். அரிசி போடுகிற நாளில், வரிசை தொடங்கும் முன்னால் போ. விற்பனையாளர் ஒருவர், கட்டுநர் என்று எடை போடுகிறவர் ஒருவர் இருப்பார்கள். சின்னக் கடை என்றால் இரண்டு வேலையையும் ஒருவரே பார்ப்பார். பில் விழாமல் அவர் இரக்கப்பட்டு அரிசியை அள்ளிப் போட்டால் இருப்புக் கணக்கு இடிக்கும். ஆய்வுக்கு வருகிறவர்கள் அந்தக் குறைவுக்கு அவரைத்தான் பிடிப்பார்கள். அவரை வில்லனாக எழுதாதே. வரிசையில் நாற்பது பேர் முணுமுணுக்க, ஒரு கிழவியின் விரலைத் துணியால் துடைத்துத் துடைத்து, இந்த விரல், அந்த விரல், மறுபடியும் கட்டைவிரல் என்று வைத்துப் பார்த்துக்கொண்டிருக்கிற மனிதர் அவர். அவருடைய பக்கத்திலிருந்து ஒரு சீன் எழுதிப் பார். அதில் அப்பத்தா உனக்குக் கொஞ்சம் எரிச்சல் தருகிறவளாகத் தெரிந்தால் நல்ல அறிகுறி.

அடுத்து, விவரம். தமிழ்நாட்டில் இந்த விரல்ரேகை நடைமுறை 2020 அக்டோபரில் ‘ஒரே நாடு ஒரே ரேஷன்’ திட்டத்தோடு வந்தது. கார்டில் பெயர் உள்ள யார் விரல் வைத்தாலும் பொருள் வாங்கலாம். கடைக்கு வர முடியாத முதியவர்கள் தங்களுக்குப் பதிலாக இன்னொருவரை அனுப்பப் படிவம் எழுதிக் கொடுக்கலாம். இது தெரியாமல் நீ கதை சொன்னால், கேட்கிறவர்களில் ஒருவர் ‘ஏம்ப்பா, அதுக்குத்தான் ஃபாரம் இருக்கே’ என்பார். உன் படம் அந்த நாற்காலியிலேயே முடிந்தது.

ஆனால் இதே விவரத்தைப் பயத்தோடு பார்க்காமல் கொஞ்சம் ஆசையோடு பார். கார்டில் பெயர் உள்ள யாரும் விரல் வைக்கலாம் என்றால், அப்பத்தாவின் கார்டில் வேறு பெயரே இல்லையா? ஏன் இல்லை? மகன் கல்யாணம் ஆனதும் பெயரை நீக்கித் தனிக் கார்டு வாங்கிக்கொண்டு போயிருப்பானோ? நம் ஊரில் குடும்பம் பிரிந்ததற்கு அத்தாட்சி அடுப்பு மட்டுமில்லை, ரேஷன் கார்டும்தான். சரி, படிவம் இருக்கிறது. அதில் யார் பெயரை எழுதுவாள்? மகன் பெயரையா? பேசாமல் இருக்கிற மருமகளையா? கூடவே சூளையில் மண் மிதித்த பக்கத்து வீட்டுக்காரியையா? அவள் வேறு சாதியாக இருந்தால் மகன் என்ன சொல்வான்?

பார்த்தாயா, கதை மிஷினில் இல்லை, கார்டில் இருக்கிறது. அரசாங்கம் கொடுத்த சாதாரண ஒரு படிவத்தில், ஒரு கிழவி, எனக்கு ஆள் யார் என்று எழுதிக் கையெழுத்துப் போட வேண்டும். கையெழுத்துக்கூட இல்லை, கைநாட்டு. அதே தேய்ந்த விரல். உன் படத்துக்கு மிஷின் தேவைதான், ஆனால் கதவைத் திறந்துவிட மட்டும்.

இந்தக் கேள்விகளை உன் அப்பாவிடம் கேட்க உனக்குத் தயக்கமாக இருக்கும். கொலைகாரனைப் பற்றி நாலு பக்கம் எழுத ஒரு தயக்கமும் இல்லை, அப்பாவிடம் ‘நம்ம கார்டு எப்போ பிரிச்சீங்க’ என்று கேட்க மட்டும் நாக்கு ஒட்டிக்கொள்கிறது. எந்தக் கதை உனக்கு வேண்டும் என்று என்னைக் கேட்டாயே, இந்தத் தயக்கத்தைவிட நல்ல பதில் என்னிடம் இல்லை.

குடும்பத்தைச் சந்திக்கு இழுக்க வேண்டுமா என்று நீ கேட்கலாம். வேண்டாம். பாலு மகேந்திரா ‘வீடு’ எடுத்தபோது அதன் வேர் அவர் அம்மா. இலங்கையில் அவர் சின்னப் பையனாக இருந்தபோது அம்மா ஒரு வீடு கட்டினார். கட்டத் தொடங்கிய பிறகு அம்மாவின் சிரிப்பே மாறிப்போனதைப் பார்த்தது அந்தப் பையன் மனதில் நின்றுவிட்டது. ஆனால் 1988இல் வந்த படத்தில் அந்த அம்மாவும் இல்லை, இலங்கையும் இல்லை. சென்னையில் வேலைக்குப் போகிற சுதா, அவள் தங்கை, தாத்தா, சிமெண்டைத் திருடும் காண்டிராக்டர், கடைசியில் இந்த மனை எங்களுடையது என்று வந்து நிற்கும் அரசுத் துறை. கட்டக் கட்ட ஒரு பெண்ணின் முகம் மாறுவது மட்டும் அப்படியே வந்திருக்கிறது. உன் அப்பத்தாவை உங்கள் ஊரான மானாமதுரையிலிருந்து எடுத்து வேறு எங்கேயாவது வை. செங்கல்லுக்குப் பதிலாக வேறு வேலை கொடு. அதற்குப் பிறகும் படிவத்தின் முன்னால் அவள் உட்கார்ந்திருப்பது உனக்குத் தெரிந்தால் கதை நிற்கும்.

இனிச் சொல்லிப் பார்ப்பது. நம் தொழிலில் கதையைப் படிக்கிறவர்கள் குறைவு, கேட்கிறவர்கள்தான் அதிகம். இரண்டு மணி நேரம் உட்கார்ந்து, வாயாலேயே ஆர்.ஆர். என்கிற பின்னணி இசை போட்டு, ஹீரோ என்ட்ரிக்கு எழுந்து நின்று நரேஷன் கொடுக்கிற பழக்கத்தைப் பலர் கேலி செய்கிறார்கள். எனக்கு அதில் மரியாதை உண்டு. கதையைச் சோதிக்க அதைவிட நல்ல பட்டறை கிடையாது. ஆனால் நீங்கள் அதை விற்கும் இடத்தில் மட்டும் வைத்திருக்கிறீர்கள். விற்பதற்கு முன்னால் சொல். சினிமாவில் இல்லாதவர்களிடம் சொல். உன் அறைக்குக் கீழே அயர்ன் பண்ணுகிற அண்ணாச்சியிடம், உன் அக்காவிடம். ஆர்.ஆர். வேண்டாம், ‘அந்தப் படத்தில் வருமே, அந்த மாதிரி’ என்ற வார்த்தையும் வேண்டாம். ஐந்து நிமிடம், உட்கார்ந்த இடத்திலேயே.

நன்றாக இருக்கிறது என்று அவர்கள் சொல்வதைக் காதில் வாங்காதே. நம் ஜனங்கள் முகத்துக்கு நேரே வேறு என்ன சொல்வார்கள்? மறுநாள் போய், நேற்று நான் சொன்ன கதையை நீங்கள் சொல்லுங்கள் என்று கேள். அண்ணாச்சி சொல்லும்போது உன் அழகான ஓப்பனிங் ஷாட் காணாமல் போயிருக்கும், நண்பன் பாத்திரம் மொத்தமாகப் போயிருக்கும். ‘அந்தக் கிழவி மகன் பேரை எழுதாம பக்கத்து வீட்டுப் பொம்பளை பேரை எழுதிருச்சு, மகன்காரன் வந்து சண்டை போட்டான்’ என்பார். நீ சண்டையே வைத்திருக்க மாட்டாய். அவரே வைத்துக்கொண்டார். அவர் மறந்ததையும் சேர்த்ததையும் எழுதி வை. அந்தக் காகிதம் உன் பவுண்ட் ஸ்கிரிப்டைவிட மதிப்புள்ளது.

நீ சொல்லும்போது உன்னையும் கவனி. ஒவ்வொரு முறையும் எந்த இடத்தை வேகமாகத் தாண்டுகிறாய்? அந்த இடத்தில் உனக்கே நம்பிக்கை இல்லை என்று பொருள்.

இன்டர்வலுக்குப் பிறகு என்ன என்ற கேள்வியை எல்லோரும் கேட்பார்கள். அதை வியாபாரக் கேள்வி என்று அலட்சியம் செய்யாதே. ‘விசாரணை’யின் முதல் பாதி, கோவை ஆட்டோ ஓட்டுநர் மு. சந்திரகுமார் குண்டூர் லாக்கப்பில் தான் பட்டதை எழுதிய ‘லாக்கப்’ நாவலிலிருந்து வந்தது. பிடிபட்டவர்கள் அந்த லாக்கப்பிலிருந்து வெளியே வந்த பிறகு நடப்பது வெற்றிமாறன் கட்டியது. அந்த இரண்டாம் பாதிதான் அதை ஒரு நிலையத்தின் கொடுமை என்பதிலிருந்து மொத்த அமைப்பின் கதையாக மாற்றியது. உன் கதையில் படிவம் கொடுத்தாகிவிட்டது, அரிசியும் வந்துவிட்டது. அப்புறம்? உன்னால் பதில் சொல்ல முடியாவிட்டால் குறும்படமாக எடு. அதில் ஒரு கௌரவக் குறைவும் இல்லை.

கதையைத் திருடிவிடுவார்கள் என்று பயந்து யாரிடமும் சொல்லாமல் இருக்காதே. வெறும் கருவுக்குக் காப்புரிமை கிடையாது, எழுதிய வடிவத்துக்குத்தான் உண்டு என்று உச்ச நீதிமன்றம் 1978இல் ஆர்.ஜி. ஆனந்த் வழக்கிலேயே சொல்லிவிட்டது. எழுதி முடித்து எழுத்தாளர் சங்கத்தில் பதிவு செய்துவிட்டு அலுவலகங்களுக்குப் போ. அயர்ன் கடை அண்ணாச்சிக்குப் பதிவு தேவையில்லை.

உடனே தயாரிப்பாளர் கிடைக்கவில்லையே என்று மனம் விடாதே. பாரதிராஜா ‘மயில்’ என்று கறுப்பு வெள்ளையில் எடுக்க நினைத்த கதைக்கு அரசின் திரைப்பட நிதி கிடைக்கவில்லை. அதே கதை 1977இல் வண்ணத்தில் ‘16 வயதினிலே’ ஆகி வந்து நம் சினிமாவை ஸ்டுடியோவுக்கு வெளியே இழுத்துப் போட்டது.

ஊருக்குப் போகும்போது மொபைலில் வீடியோ எடுக்காதே, கடைக்காரரும் விறைத்துக்கொள்வார், அப்பத்தாவும் விறைத்துக்கொள்வாள். படிவம் ஒன்று வாங்கி வைத்துக்கொண்டு, யார் பெயரை எழுதட்டும் என்று அவளைக் கேள். என்ன சொன்னாள் என்று எனக்கு எழுது. முக்கியமாக, நீ படம் எடுத்தாலும் எடுக்காவிட்டாலும் அவளுக்கு அரிசி வாங்கிக் கொடுத்துவிட்டு வா.

இதைப் படிக்கிற தயாரிப்பாளர்களுக்கும் ஒரு வேண்டுகோள். இந்தப் பையனோ இவனைப் போன்ற இன்னொருவனோ உங்கள் அலுவலகத்தில் வந்து உட்கார்ந்து கதை சொல்லத் தொடங்கினால், இது எந்தப் படம் மாதிரி என்று தயவுசெய்து கேட்காதீர்கள்.

அன்புடன்,
உன் அண்ணன்