நிழலிடங்களுக்கேற்ற பூச்செடிகள்

கிராமங்களில் வீட்டுக் கொல்லையிலும், கிணற்றடியிலும், மரத்தடியிலும் வெயில் முழுமையும் விழாத இடங்கள் பல வீணாய்க் கிடக்கின்றன. குப்பை சேர்வதற்கு அவை இடமாகின்றனவேயன்றி வேறு பயன் தருவதில்லை. தக்க பூச்செடிகளை அங்கே வைத்தால் வீட்டிற்கு அழகும், பூஜைக்கும் கூந்தலுக்கும் பூவும், ஸ்திரீகளுக்குச் சிறிது வருமானமும் கிடைக்கும். ஆனால் செடியைத் தெரிந்தெடுப்பதில் தவறு நேரின் உழைப்பு முழுவதும் வீணாகும். மல்லிகையை நிழலில் நட்டு, நீர் வார்த்து, எருவிட்டு, இலையும் கொடியுமன்றிப் பூவைக் காணாத குடும்பங்கள் அநேகம்.

காரணம்

செடியானது சூரிய வெளிச்சத்தைக் கொண்டு தன் ஆகாரத்தை இலைகளில் தயாரிக்கிறது. அவ்வாகாரத்தில் வேர், தண்டு, இலைகளுக்குச் செலவானது போக எஞ்சுவதே பூவுக்கு உதவும். வெளிச்சம் குறையின் எஞ்சுவதும் குறையும். எருவை அதிகமாக இடுவதனால் இக்குறை தீராது. தழை செழிக்குமேயன்றிப் பூ பெருகாது. எனினும், மரநிழலில் இயற்கையாகவே வாழ்ந்து பழகிய செடிகள் சில குறைந்த வெளிச்சத்திலும் பூக்க வல்லவை. அவற்றையே நாடுதல் வேண்டும்.

நிழலை அறிதல்

காலை 8 மணிக்கும், உச்சிப்பொழுதிலும், மாலை 4 மணிக்கும் அவ்விடத்தில் வெயில் விழுகின்றதா என்று கவனித்தல் வேண்டும். வீட்டின் கிழக்குப் புறம் காலை வெயிலைப் பெற்றுப் பிற்பகலில் நிழலாகும். இதுவே உத்தமமான இடம். தென்னை, வேம்பு ஆகியவற்றின் கீழ் வெயில் புள்ளிபுள்ளியாய் விழும், இது மத்திமம். புளி, ஆல் முதலியவற்றின் அடர்ந்த நிழல் பூச்செடிக்கு உதவாது.

வடக்குச் சுவரோரத்தைப் பற்றி ஒரு விசேஷம் உண்டு. தமிழ்நாட்டில் புரட்டாசி முதல் பங்குனி வரை அங்கே உச்சிப்பொழுதில் நிழலே இருக்கும். வைகாசி, ஆனி மாதங்களிலோ சூரியன் வடக்கே சாய்வதால் வெயில் நன்கு விழும். ஆகையால் ஒரு மாதத்தை மட்டும் பார்த்து முடிவு செய்தலாகாது.

ஏற்ற செடிகள்

கனகாம்பரம்: இவ்வகையில் முதன்மையானது இதுவே. தென்னிந்தியாவும் இலங்கையும் இதன் தாயகம். பூங்கதிரில் பூக்கள் அடியிலிருந்து மேல்நோக்கி வரிசையாய் மலர்வதால் ஒரே கதிர் பல நாட்கள் பூ தரும். வாசனை இல்லாவிடினும் பறித்த பூ விரைவில் வாடாது. ஆதலால் சந்தைக்கு எடுத்துச் செல்ல ஏற்றது. முற்றிய காய் நனைந்தவுடன் வெடித்து விதையைச் சிதறும். நனையுமுன் சேகரிக்க வேண்டும். 5 அல்லது 6 இலை விட்ட நாற்றுகளை வரிசைக்கு வரிசை 2 அடியும், செடிக்குச் செடி 1 அடியும் விட்டு நடலாம். டெல்லிக் கனகாம்பரம் என்னும் வகை விதை பிடிப்பதில்லை. அதைத் தண்டுத் துண்டுகளாலேயே பெருக்க வேண்டும். உலர்ந்த கதிர்களை அவ்வப்போது கிள்ளி எறிந்தால் புதுக்கதிர்கள் தோன்றும்.

டிசம்பர்ப் பூ: மழையிலும் குளிரிலும் கனகாம்பரம் குறையும் காலத்தில் இது பூக்கும். இவ்விரண்டையும் சேர்த்து வைப்பவர்க்கு ஆண்டு முழுவதும் பூவுக்குக் குறைவிராது.

நந்தியாவட்டை: புதராய் வளர்வது, ஆண்டின் பெரும்பகுதியும் பூக்கும். ஓரளவு நிழலைத் தாங்கும். பூஜைக்கு உகந்தது.

காசித்தும்பை: சில மாதங்களில் முடிந்துவிடும் செடி. விதையை ஒரே முறையில் விதைக்காமல், மாதம் ஒரு முறை சிறிது சிறிதாய் விதைத்தால் பூ தொடர்ந்து கிடைக்கும்.

அடர்ந்த நிழலில் பூவை எதிர்பாராமல் வெற்றிலை அல்லது திப்பிலிக் கொடியை வைப்பதே விவேகம்.

பராமரிப்பு

மரத்தடியில் மரத்தின் வேர்கள் நீரையும் சத்தையும் கவர்ந்துகொள்ளும். ஆகவே அடிமரத்தை விட்டு விலகி நட்டு, மட்கிய தொழுவுரம் இடுவது நலம். நிழலில் ஈரம் மெதுவாகவே காயும். மேல்மண் உலர்ந்த பின்னரே நீர் விட வேண்டும். தேங்கிய நீரில் வேர் அழுகும். சோப்புக் கலவாத சமையலறைக் கழுநீர் இதற்குப் போதும்.

ஈரமிருந்தும் கனகாம்பரம் வாடினால் ஒரு செடியைப் பிடுங்கி வேரைப் பார்க்க வேண்டும். வேரில் முடிச்சுகள் காணப்படின் அது நூற்புழுவின் வேலை. அச்செடிகளை வேரோடு அகற்றி எரித்துவிட்டு, வேறிடத்தில் புதிய செடிகளை நட வேண்டும். கத்தரியும் தக்காளியும் அப்புழுவுக்கு இரையாதலின், அவை பயிரான மண்ணைத் தவிர்ப்பது நன்று.

முதலில் 10 செடிகளை மட்டும் வைத்து ஓராண்டு கவனித்து, நன்கு பூத்த இடத்தில் பின்னர் பெருக்குவது சிக்கனமான முறை. இடத்திற்கேற்ற செடியைத் தெரிந்து வைப்பவர்க்கு வீணாய்க் கிடந்த நிழலும் பயன் தரும்.