ப்ராங்கோஸ்கோப் வாங்கித் தருவதற்கு முன்

டயாலிசிஸ் எந்திரம் கேட்டு வந்த மருத்துவமனைகள் இப்போது வீடியோ ப்ராங்கோஸ்கோப்பும் கேட்கின்றன. மூக்கு அல்லது வாய் வழியே செலுத்தி மூச்சுக்குழாயின் கிளைகள்வரை பார்க்கும் வளையும் கருவி இது. ஜப்பானிய மருத்துவர் ஷிகெடோ இகெடா 1960களில் கண்ணாடி இழைகளைக் கொண்டு இதற்கு வழி செய்தார். அதில் இழை ஒடிந்தால் படத்தில் கரும்புள்ளி விழும். இன்று நுனியிலேயே சிறு கேமரா இருப்பதால் திரையில் படம் தெளிவு. விற்க வருபவர் காட்டுவதும் அந்தப் படத்தைத்தான். நாம் கேட்க வேண்டியது, எந்த வேலைக்கு என்பதை.

சளி உறிஞ்சவும் திசு எடுக்கவும் ஸ்கோப்பினுள் ஒரு துளை உண்டு. திசு எடுக்கும் இடுக்கிக்கு 2 மி.மீ. துளை போதும்; கெட்டிச் சளிக்கும் ரத்தத்துக்கும் 2.8 மி.மீ. நல்லது. ஆனால் துளை பெருத்தால் ஸ்கோப்பும் தடிக்கும். வெண்டிலேட்டர் நோயாளியின் தொண்டைக் குழாயின் உள்விட்டம் ஸ்கோப்பைவிட 2 மி.மீ.யாவது கூடுதலாக இல்லாவிட்டால் காற்றுப் போக இடமிராது. (குழந்தையின் மூச்சுக்குழாயில் சிக்கிய நிலக்கடலையை எடுக்கப் பெரும்பாலும் வளையாத ஸ்கோப்தான் வேண்டும். அது வேறு கருவி.)

நமக்குப் பெரிய கவலை கழுவுவதில்தான். ஒருவரின் காசநோய்க் கிருமி அடுத்தவருக்குப் போக அந்தத் துளையே போதும். பரிசோதனை முடிந்த உடனே துடைத்து, கசிவு இருக்கிறதா என்று பார்த்து, என்சைம் திரவத்தில் துளைக்குள் பிரஷ் விட்டுத் தேய்த்து, கிருமிநீக்க மருந்தில் குறித்த நேரம் முழுதும் ஊறவைத்து, அலசி, காற்றடித்து உலர்த்தி, தொங்கவிட வேண்டும். ஒரே ஸ்கோப்பை வைத்துக்கொண்டு, வெளியே நாலு பேர் காத்திருக்கும்போது இதில் எது சுருங்கும் என்று சொல்லத் தேவையில்லை. எனவே உயர்ந்த விலையில் ஒன்றைவிட நடுத்தர விலையில் இரண்டு மேல் என்பது நமது கருத்து.

ஒருமுறை பயன்படுத்தி எறியும் ஸ்கோப்பும் உண்டு. தொற்று அபாயம் கூடுதலான நோயாளிக்கும், உடனே கழுவ வசதியில்லாத இடத்துக்கும் அதைப் பரிசீலிக்கலாம் என்று அமெரிக்காவின் எஃப்.டி.ஏ. 2021இல் கூறியது. ஐ.சி.யூ.வில் நள்ளிரவு அவசரத்துக்கு நல்ல துணை. ஆனால் ஒவ்வொரு நோயாளிக்கும் புதிதாகச் செலவாகும். மிச்சம் பிடிக்க அதையே கழுவி மறுபடி செலுத்தினால் ஆபத்து.

அமானிதப் பணம் என்பதால், விலைப்புள்ளியோடு மூன்று விவரம் கேட்கிறோம்: மாதம் எத்தனை பேருக்கு, கழுவப் பயிற்சி பெற்றவர் யார், பழுதானால் மாற்று ஸ்கோப் எத்தனை நாளில் வரும்.