விகர்ணனோடு யார் எழுந்தார்கள்?

புக்கிட் மேராவில் நடக்கும் எங்கள் ஞாயிறு வகுப்பில் ஒரு சின்ன சோதனை வைத்தேன். அட்டையில் ஒரு கோடு, பக்கத்தில் மூன்று கோடுகள். எது சம நீளம்? ஐந்து பேரிடம் முன்பே தவறான பதிலைச் சொல்லச் சொல்லியிருந்தேன். ஆறாவது தம்பி தயங்கித் தயங்கி அதையே சொன்னான். "தெரிஞ்சுதான்ணே சொன்னேன். நான் மட்டும் வேற சொன்னா சிரிப்பாங்களே!"

1951இல் சாலமன் ஆஷ் என்ற உளவியலாளர் செய்த சோதனை இது. நான்கில் மூவர் ஒருமுறையாவது கூட்டத்தோடு போனார்கள். ஆனால் வேறொருவர் சரியாகச் சொன்னபோது தவறுகள் வெகுவாகக் குறைந்தன.

அஸ்தினாபுர சபையை நினைத்துப் பாருங்கள். பாஞ்சாலியின் கேள்விக்குப் பீஷ்மரே 'தர்மம் நுட்பமானது' என்று நழுவினார். துரியோதனன் தம்பி விகர்ணன் எழுந்து அநியாயம் என்றான். உடனே, அதுவரை வாய் திறக்காத அரசர்கள் அவனைப் பாராட்டினார்கள், சகுனியை ஏசினார்கள். அப்போ அவர்களுக்கும் தெரிந்தேதான் இருந்தது! கர்ணன் 'சின்னப் பையன்' என்று அதட்டியதும் சபை அடங்கிவிட்டது. விதுரரைத் தவிர யாரும் துணை நிற்கவில்லை.

பள்ளியில் ஒரு நண்பனின் நிறத்தைச் சொல்லி எல்லாரும் கேலி செய்தபோது நானும் சிரித்திருக்கிறேன். பிடிக்காமல்தான் சிரித்தேன். அது அவனுக்கு எப்படித் தெரியும்?