கடைக் காசு யாரு கணக்குல ஏறுது?



"நானே அன்றாடங்காய்ச்சி, எனக்கு எதுக்குங்க வரியும் கணக்கும்?" வரி என்று பேச்செடுத்தால் குழுவில் முதலில் வரும் கேள்வி இதுதான். கேள்வி நியாயமானது. இட்லி மாவு அரைத்து விற்பவர், முறுக்கு சுடுபவர், தையல் மிஷின் போட்டிருப்பவர், பெட்டிக்கடை வைத்திருப்பவர், மாட்டுத்தாவணியில் பூ வாங்கி ஊருக்குள் விற்பவர் என்று நம்மை எடுத்துக்கொண்டால், பெரும்பாலானவர்களுக்கு வருமான வரியும் வராது, ஜி.எஸ்.டி.யும் வராது. அதை முதலிலேயே சொல்லிவிடுகிறோம். பயப்படாமல் மேலே படியுங்கள்.

ஆனால் "எனக்கு வரி வராது" என்று வாயால் சொன்னால் போதாது. யாராவது கேட்டால் காட்ட வேண்டும். பெங்களூரில் நடந்ததைக் கேளுங்கள். 2025 ஜூலை மாதம் கர்நாடக வணிகவரித் துறை, ஜீபே, போன்பே போன்றவற்றில் ஏறிய தொகையைப் பார்த்து ஆயிரக்கணக்கான சின்னக் கடைக்காரர்களுக்கு நோட்டீஸ் அனுப்பியது. டீக்கடை, பேக்கரி, காய்கறிக் கடை எதுவும் தப்பவில்லை. பயந்துபோய்ப் பல கடைகளில் ஸ்கேன் அட்டையைக் கழற்றிவிட்டு "ரொக்கம் மட்டும்" என்று எழுதி வைத்தார்கள். காய்கறிக்கும் பாலுக்கும் வரியே இல்லை. கணக்கில் ஏறியதில் கைமாற்றும் கடனும் கூட இருந்தது. பிறகு அந்த மாநில முதலமைச்சரே வியாபாரிகளைக் கூப்பிட்டுப் பேசி, வரியில்லாத பொருள் விற்றவர்கள் மீது நடவடிக்கை இல்லை, சொந்தப் பணப் பரிமாற்றத்தையும் கடனையும் சேர்க்க மாட்டோம் என்று சொன்ன பின்புதான் அடங்கியது.

இதில் நமக்கு என்ன பாடம்? ஜீபே வேண்டாம் என்பது இல்லை. போனில் ஏறிய பணம் எல்லாம் வியாபாரம் இல்லை, வியாபாரம் எல்லாம் லாபமும் இல்லை. எது எது என்று பிரித்துக் காட்டுவதற்கு ஒரு நோட்டு இருந்தால் நோட்டீஸ் வந்தாலும் தூக்கம் கெடாது.

இப்போது நம் ஊருக்கு வருவோம். நம் உறுப்பினர் வீடுகளில் ஒரு வழக்கம் உண்டு. வியாபாரம் அம்மாவுடையது, ஜீபே நம்பர் மகனுடையது. இல்லாவிட்டால் வீட்டுக்காரருடையது. "எனக்கு டச் போன் தெரியாதுங்க, அவந்தான் பார்த்துக்கிறான்" என்பார்கள். மகன் திருப்பூருக்கு வேலைக்குப் போனால் போனும் கூடவே போய்விடும். இங்கே அம்மா, வாடிக்கையாளர் காட்டும் பச்சை டிக்கை நம்பிச் சரக்கைக் கொடுத்துக்கொண்டிருப்பார்.

இதில் ரெண்டு பேருக்கும் நஷ்டம். மகன் கணக்கில் அவன் சம்பாதிக்காத பணம் ஏறுகிறது. நாளைக்கு அதற்கு விளக்கம் சொல்ல வேண்டியவன் அவன்தான். அம்மா பாஸ்புக்கைத் திறந்தால் கேஸ் மானியமும் குழுக் கடனும்தான் இருக்கும். பத்து வருசம் அடுப்படியில் வெந்தவர் வங்கியில் போய் லோன் கேட்டால், "வியாபாரம் நடக்கிறதுக்கு என்னம்மா ஆதாரம்?" என்று மேலாளர் கேட்பார். அவர் கேட்பதிலும் தப்பில்லை, அவர் பார்ப்பது காகிதத்தை.

ஆகவே முதல் வேலை: வியாபாரத்துக்கென்று உங்கள் பெயரில் தனியாக ஒரு கணக்கு. "கடை வரவு செலவுக்கு" என்று வங்கியில் சொல்லியே திறங்கள். எந்த வகைக் கணக்கு, குறைந்தபட்சம் எவ்வளவு இருக்க வேண்டும் என்று கேட்டுக்கொள்ளுங்கள். ஜீபே அட்டை அந்தக் கணக்குக்குத்தான் இருக்க வேண்டும். ஊக்குநர், பிரதிநிதிகளுக்கு ஒரு வார்த்தை. உறுப்பினர்கள் சந்தாவையும் தவணையையும் உங்கள் சொந்த ஜீபேயில் போட விடாதீர்கள். குழுப் பணம் நேராகக் குழுக் கணக்குக்குப் போகட்டும். வருசம் முழுக்கப் பதினைந்து பேர் பணம் உங்கள் கணக்கில் ஏறி இறங்கினால், பார்க்கிறவர்களுக்கு அது உங்கள் வருமானம் மாதிரிதான் தெரியும்.

அடுத்தது நோட்டு. குழுவுக்குத் தீர்மானப் புத்தகம், ரொக்கப் பதிவேடு, பொதுப்பேரேடு என்று அத்தனையும் சுத்தமாக எழுதுகிறோம். சொந்த வியாபாரத்துக்கு நாற்பது பக்க நோட்டு ஒன்று கிடையாது! ஒரு கோடு போட்ட நோட்டில் நான்கு கட்டம் போதும்: தேதி, விற்ற பணம், சரக்குக்கும் கூலிக்கும் போன பணம், வீட்டுக்கு எடுத்தது. கடன் வாங்கிப் போட்ட பணத்தை விற்ற பணத்தோடு சேர்க்காமல் தனியாகக் குறியுங்கள்.

நான்காவது கட்டம்தான் அம்மாக்களுக்கு முக்கியம். பிள்ளைக்கு ஸ்கூல் ஃபீஸ், காய்ச்சலுக்கு ஊசி, தாய்மாமன் வீட்டு விசேஷத்துக்கு மொய் எல்லாம் அதே கல்லாவில் இருந்துதான் போகிறது. மாசக் கடைசியில் டப்பா காலியாக இருந்தால் "தொழிலில் ஒண்ணுமே நிக்கலை" என்று சலித்துக்கொள்வோம். தொழிலில் நின்றது, வீட்டுக்குப் போனது, அவ்வளவுதான். வரிக் கணக்கிலும் இப்படியே: எண்ணெய், மாவு, கேஸ், ஆட்டோ வாடகை செலவு; ஸ்கூல் ஃபீஸ் செலவாகாது.

ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம். மேலூர்ப் பக்கம் ஒருவர் முறுக்கும் அதிரசமும் போட்டு விற்கிறார் என்று வையுங்கள். ஒரு நாளைக்கு 2,500 ரூபாய் வீதம் மாசம் 26 நாள் விற்றால் 65,000. சரக்கு, கேஸ், கூடமாட ஒருவருக்குக் கூலி, பாக்கெட், போக்குவரத்து எல்லாம் 49,000. கையில் நிற்பது 16,000. வருசத்துக்கு விற்பனை 7,80,000, வருமானம் 1,92,000.

ஜி.எஸ்.டி. பார்ப்பது விற்பனையை. தமிழ்நாட்டில் பொருள் மட்டும் விற்பவருக்கு வருசத்துக்கு 40 லட்சம் வரை பதிவு தேவையில்லை (2019 ஏப்ரலில் இருந்து). தையல், பியூட்டி பார்லர், விசேஷத்துக்குச் சமைத்துக் கொடுப்பது போன்ற சேவைக்கு 20 லட்சம். இவருக்கு 7.8 லட்சம்தான், அதனால் இல்லை. பூ, காய்கறி, பால், முட்டை, அப்பளம் மாதிரி வரியே இல்லாத பொருளை மட்டும் விற்பவருக்கு எவ்வளவு விற்றாலும் பதிவு தேவையில்லை. ஆனால் ஒரு பொறி இருக்கிறது. மசாலாப் பொடி, ஊறுகாய், முறுக்கு என்று வாட்ஸ்அப்பில் ஆர்டர் எடுத்து பெங்களூருக்கும் கேரளாவுக்கும் கூரியரில் அனுப்பத் தொடங்கினால், வரியுள்ள பொருளை வெளிமாநிலத்துக்கு விற்பதற்கு இந்த 40 லட்சச் சலுகை கிடையாது. (கைவினைப் பொருளுக்குத் தனி விலக்கு உண்டு.) அனுப்புவதற்கு முன்னால் டாக்டர் தங்கராஜ் சாலையில் உள்ள வணிகவரி அலுவலகத்திலோ, தெரிந்த ஆடிட்டரிடமோ கேட்டுவிடுங்கள்.

வருமான வரி பார்ப்பது கையில் நிற்பதை. 2025-26 நிதியாண்டுக்கான புதிய முறையில் 4 லட்சம் வரை வரி இல்லை. 12 லட்சம் வரை தள்ளுபடி கொடுத்து வரியைச் சுழியம் ஆக்கியிருக்கிறார்கள். "12 லட்சம் வரை ஒண்ணும் செய்ய வேண்டாம்" என்று சிலர் சொல்கிறார்கள், அது சரியில்லை. 4 லட்சத்தைத் தாண்டினால் வரி வராவிட்டாலும் கணக்குத் தாக்கல் செய்ய வேண்டும். நம் மேலூர்க்காரருக்கு 1,92,000 தான். கட்டாயம் இல்லை. ஆனாலும் பெரிய கடன் வாங்கும் எண்ணம் இருந்தால் இப்போதே தாக்கல் செய்து பழகுவது நல்லது, வங்கியில் அதைத்தான் கேட்பார்கள். புத்தகம் விரிவாக எழுத முடியாத சிறு வியாபாரிக்கு, விற்பனையில் குறைந்தது 8 சதவீதத்தை (வங்கி வழியாக வந்த தொகைக்கு 6 சதவீதம்) வருமானம் என்று காட்டும் எளிய முறையும் உண்டு. இவருக்கு 8 சதவீதம் என்றால் 62,400 தான் வரும். உண்மையில் நின்றது 1,92,000 என்றால் அதையே காட்டுங்கள். குறைத்துக் காட்டினால் கடனும் குறைத்துத்தான் கிடைக்கும். தாக்கல் சந்தேகத்துக்கு வருமான வரி அலுவலகம் பீபீகுளத்தில் இருக்கிறது.

யாரும் சொல்லாத வரி ஒன்று உண்டு, அதுதான் தொழில் வரி. ஊராட்சியோ, பேரூராட்சியோ, மாநகராட்சியோ வாங்குவது, அரையாண்டுக்கு ஒருமுறை. அரையாண்டு வருமானம் 21,000 ரூபாய் வரை கிடையாது. அதாவது மாசம் 3,500. நம் முறுக்குக்காரருக்கு அரையாண்டில் 96,000 நிற்கிறது. மேலே சொன்ன இரண்டும் வராதவருக்கு இது வரும்! வருமானத்துக்கு ஏற்றபடி மாறும், ஆனால் எவ்வளவு சம்பாதித்தாலும் வருசத்துக்கு 2,500 ரூபாயைத் தாண்டாது. கட்டினால் ரசீது வாங்கிப் பத்திரமாக வையுங்கள். உங்கள் பெயரும் தொழிலும் போட்ட அரசு ரசீது, கடனுக்குப் போகும்போது நல்ல சாட்சி.

"பதிவு செஞ்சா உரிமைத்தொகை நின்னுபோகுமாமே?" இதுவும் பலருடைய பயம். கலைஞர் மகளிர் உரிமைத் திட்டம் 2023 செப்டம்பர் 15-ல் தொடங்கியபோது வந்த விதிகளில், குடும்ப ஆண்டு வருமானம் 2.5 லட்சத்துக்குள் இருக்க வேண்டும் என்றும், ஆண்டுக்கு 50 லட்சத்துக்கு மேல் விற்று ஜி.எஸ்.டி. கட்டும் தொழில் உரிமையாளருக்குக் கிடையாது என்றும்தான் இருந்தது. சின்னத் தொழில் செய்வதோ, அதைப் பதிவு செய்வதோ தடை என்று சொல்லவில்லை. ஆனால் லோன் கிடைக்கும் என்று இல்லாத வருமானத்தைக் கூட்டிக் காட்டச் சொல்லும் புரோக்கர்கள் இருக்கிறார்கள். அவர்கள் பேச்சைக் கேட்டு எங்கும் கையெழுத்துப் போடாதீர்கள்.

பதிவு என்றால் முதலில் உத்யம். 2020 ஜூலையில் வந்தது. ஆதாரும் பான் கார்டும் இருந்தால் போதும், கட்டணம் ஒரு பைசா கிடையாது. கம்ப்யூட்டர் சென்டரில் செய்து தருபவருக்கு அவர் உழைப்புக்குக் கொடுப்பது வேறு. "அரசுக் கட்டணம்" என்று யாராவது கேட்டால் எழுந்து வந்துவிடுங்கள். சாப்பிடும் பொருள் செய்பவர்கள் உணவுப் பாதுகாப்புத் துறைப் பதிவு எண்ணும் வாங்க வேண்டும், வீட்டு அடுப்பில் செய்தாலும் சரி.

கடனுக்கு முத்ரா இருக்கிறது. 2015-ல் தொடங்கியது, சொத்து ஈடு கேட்கக் கூடாது. சிசு என்பது 50,000 வரை, கிஷோர் 5 லட்சம் வரை, தருண் 10 லட்சம் வரை. மாவட்டத் தொழில் மையத்தில் மானியக் கடன் பற்றிக் கேட்கலாம். விண்ணப்பத்துக்கு முன் மகளிர் திட்ட அலுவலகத்தில் ஒருமுறை பேசிவிட்டுப் போனால் அலைச்சல் குறையும். மதுரை சிறு தொழில்முனைவோர் சங்கமான மடீட்சியா 1972-ல் இருந்து இயங்குகிறது. அங்கே நடக்கும் கண்காட்சியையும் கூட்டங்களையும் போய்ப் பார்க்கலாம்.

அடுத்த கூட்டத்துக்கான வேலை: தொழில் செய்யும் ஒவ்வொருவரும் ஒரு மாதம் நான்கு கட்ட நோட்டை எழுதி எடுத்து வரவும். எழுத வராதவர்களுக்கு எட்டாவது, ஒன்பதாவது படிக்கும் பிள்ளைகளை எழுதச் சொல்லலாம். கூட்டத்தில் மூன்று கேள்வி பேசுங்கள். உங்கள் ஜீபே யார் கணக்கில் ஏறுகிறது? போன மாசம் வீட்டுக்கு எடுத்தது எவ்வளவு? உங்கள் ஊராட்சியில் தொழில் வரி ரசீது யார் தருகிறார்கள்? பதில்களைத் தீர்மானப் புத்தகத்தில் எழுதி, ஒரு நகலைக் கூட்டமைப்புக்கு அனுப்புங்கள்.