சீத்தாவைக் கண் பார்த்துப் பறியுங்கள்

காரிமங்கலம் பக்கம் மாந்தோப்பைப் பற்றிப் பேசுகிற அளவுக்குச் சீத்தாவைப் பற்றி யாரும் பேசுவதில்லை. கரட்டிலும் வரப்பிலும் தானாக முளைத்து, தண்ணீர் கேட்காமல் நிற்பதால் அதைப் பயிராகவே எண்ணுவதில்லை. மானாவாரிக் காட்டு வரப்பில் சீத்தா வளர்த்துப் பார்த்தவன் என்ற முறையில் சொல்கிறேன்: செம்மண்ணுக்கும் சரளை மண்ணுக்கும் இது ஏற்ற மரம். ஆடுகளும் இதன் இலையைக் கடிப்பதில்லை.

பறிப்பில்தான் பாதி பழம் வீணாகிறது. முற்றாத காய் பழுக்காமல் கறுத்துச் சுருங்கும். மரத்திலேயே பழுக்கவிட்டால் வெடிக்கும், அணிலும் முந்திக்கொள்ளும். காயின் கண்களுக்கு இடையிலுள்ள பள்ளம் விரிந்து, வெளிறிய மஞ்சளாகத் தெரியும்போது காம்போடு பறியுங்கள். வைக்கோலில் பரப்பினால் சில நாளில் பழுத்துவிடும். காயை ஃபிரிட்ஜில் வைத்தால் தோல் கறுக்கும், சரியாகவும் பழுக்காது.

சீத்தா புதுத் துளிரில் பூக்கும். அதனால் இலை உதிர்ந்து நிற்கும் மாசி, பங்குனியில் அளவாகக் கவாத்து செய்கிறேன். பூவில் பெண் பாகம் முதலில் தயாராகும். மகரந்தம் பிறகுதான் உதிரும். சின்னஞ்சிறு வண்டுகள் உதவினால்தான் காய் பிடிக்கும். நன்றாக விரிந்த பூவின் மகரந்தத்தை, பாதி விரிந்த பூவில் மெல்லிய தூரிகையால் காலையில் தடவினால் காய்ப்பு கூடும், பழமும் கோணலில்லாமல் வரும். மாவுப்பூச்சி கண்டால் முதலில் எறும்பைத் தடுங்கள். அடிமரத்தில் பாலித்தீன் தாளைச் சுற்றி, அதன்மேல் கிரீஸ் தடவுவது எனக்குப் பலன் தந்தது.

ரகங்களில், தெலங்கானாப் பக்கத்துப் பாலாநகர் பெயர் பெற்றது. அருப்புக்கோட்டை ஆராய்ச்சி நிலையம் தந்த ஏ.பி.கே 1 நம் வறண்ட நிலத்துக்கென்றே தேர்ந்தெடுத்தது. பெங்களூரு தோட்டக்கலை ஆராய்ச்சி நிறுவனத்தின் அர்கா சஹான் கலப்பு ரகம். சதை மிகுதி, விதை குறைவு, மெதுவாகப் பழுக்கும். ராம்சீத்தா, முள்சீத்தா இரண்டும் இதே குடும்பம், ஆனால் வேறு இனங்கள். நல்ல ரகம் வேண்டுமென்றால் விதையை நம்பாமல் ஒட்டுக்கன்று வாங்குங்கள்.

சமையலறைக்கு ஒரு குறிப்பு: சதையை அடுப்பில் கொதிக்கவிட்டால் கசந்துவிடும். பாலைச் சுண்டக் காய்ச்சி, நன்றாக ஆறிய பிறகு விதை நீக்கிய சதையைக் கலந்தால் பாசந்தி மணக்கும். மிக்சியில் விதையோடு அடிக்காதீர்கள், விதை நஞ்சு. பேனுக்கு விதைப்பொடி பூசும் பழக்கத்தையும் விட்டுவிடுங்கள். கண்ணில் பட்டால் பார்வைக்கே ஆபத்து.

மாங்காய் ஆனி, ஆடியோடு ஓய்ந்துவிடும். சீத்தா ஆவணி முதல் ஐப்பசி வரை வரும். தோப்புக்காரர் கையில் காசு இல்லாத மாதங்கள் அவை. மழை தொடங்கும்போது காலி வரப்பில் நான்கு ஒட்டுக்கன்று நட்டு வையுங்கள். அந்த மாதங்களில் சந்தைக்குக் கொண்டுபோக ஒரு கூடைப் பழமாவது இருக்கும்.