மொட்டைமாடிச் சாவி யாரிடம் இருக்கிறது?

தம்பி,

நீ அனுப்பிய தொழிலாளர் கேம்ப் தீப்பாதுகாப்பு ஆய்வறிக்கையைப் படித்தேன். தீயணைப்பான் எத்தனை, ஹோஸ் ரீல் எங்கே என்பதெல்லாம் நம் இருவருக்கும் தெரிந்த பாடம். அதில் நீ குறை வைக்கவில்லை. எனக்குக் கோபம் வந்தது இரண்டு இடங்களில்.

உன் படங்கள் எல்லாவற்றிலும் வெயில் அடிக்கிறது. பகல் பதினோரு மணிக்குக் கேம்பில் யார் இருப்பார்கள்? காலிக் கட்டில்களையும் காலிப் படிக்கட்டையும் பார்த்துவிட்டு 'வெளியேறும் வழி போதுமானது' என்று எழுதிவிட்டாய். தொழிலாளி தங்கும் இடத்தை அவன் தூங்கும் நேரத்தில்தான் பார்க்க வேண்டும். ராத்திரி மூன்று மணிக்குப் போ. நடைபாதையில் எத்தனை பெட்டி கிடக்கிறது, எந்தக் கதவில் பூட்டுத் தொங்குகிறது என்பது அப்போதுதான் தெரியும். செக்யூரிட்டி அறையில் அலாரம் பேனல் வேலை செய்கிறது என்கிறாய். நாலாவது மாடியில், ஏசி இரைச்சலில் தூங்குகிறவன் காதுக்கு அது எட்டுமா?

குவைத்தின் மங்காஃபை நீ மறந்திருக்க மாட்டாய். 2024 ஜூன் 12, அதிகாலையில் தீ. கீழ்த்தளத்தில் காவலாளி அறையில் மின்கசிவு. ஒரே கம்பெனித் தொழிலாளர்கள் ஏறக்குறைய 200 பேர் தங்கியிருந்த கட்டடம். அறைகளைப் பிரித்த தடுப்புகள் எளிதில் எரியும் பொருளால் ஆனவை. புகை படிக்கட்டு வழியாக மேலே ஏறியது. தப்பிக்க மேலே ஓடியவர்களுக்கு மொட்டைமாடிக் கதவு பூட்டிக் கிடந்தது. ஏறக்குறைய 50 பேர் செத்தார்கள், பெரும்பாலோர் இந்தியர்கள். ஏழு பேர் நம் தமிழ்நாட்டுக்காரர்கள். விமானப்படை விமானத்தில் கொச்சிக்கு வந்த உடல்களில் அவர்களுடையவையும் இருந்தன. பெரும்பாலோரைக் கொன்றது புகை. தூங்குகிறவனைப் புகையின் வாசனை எழுப்பாது என்பது உனக்கும் தெரியும்.

ஆகவே எந்தக் கேம்புக்குப் போனாலும் என் முதல் கேள்வி இதுதான்: மொட்டைமாடிச் சாவி யாரிடம்? வளைகுடாவில் நான் வேலைக்குச் சேர்ந்த புதிதில் ஒரு கேம்பில் இதைக் கேட்டேன். கேம்ப் பாஸின் (மேற்பார்வையாளரின்) சட்டைப்பையில் இருப்பதாகச் சொன்னார்கள். அவரோ வியாழக்கிழமை சாயங்காலம் ஊருக்குள் போனால் சனிக்கிழமை காலையில்தான் திரும்புவார். மாடியில் ஆட்கள் போய்ப் படுக்கிறார்கள், துணி காயப்போடுகிறார்கள் என்பதற்காகப் பூட்டு. அந்த வாரமே பூட்டைக் கழற்றி, உள்ளிருந்து தள்ளினால் திறக்கும் பட்டைத் தாழ்ப்பாள் போடவைத்தேன். என்னோடு வேலை பார்த்த கடலூர்க்காரர் ஒருவர் அதன்பிறகு ஒவ்வொரு கேம்பிலும் மாடிக்கு ஏறி அந்தக் கதவைத் தோளால் தள்ளிப் பார்ப்பார். திறந்தால்தான் கையெழுத்து. படிக்கட்டு ஒன்றே ஒன்றாக இருக்கும் கட்டடத்தில் கீழ்வழியைப் புகை அடைத்துவிட்டால் மிஞ்சுவது அந்தக் கதவு மட்டும்தான்.

இரண்டாவது கோபம் உன் முடிவுரையில். 'தொழிலாளர்கள் அறையிலேயே சமைக்கிறார்கள்; விழிப்புணர்வு குறைவு; சுவரொட்டி ஒட்டலாம்' என்று எழுதியிருக்கிறாய். ஏன் சமைக்கிறான் என்று ஒருவனையாவது கேட்டாயா? ஓவர்டைம் முடிந்து பஸ் வந்து சேரும்போது மெஸ் மூடியிருந்தால் பசியோடு படுப்பானா? எட்டுப் பேர் அறைக்கு ஒரே ப்ளக் பாயிண்ட் கொடுத்தவன் முதலாளி. அதில் மல்டி ப்ளக் செருகியவனை மட்டும் குற்றவாளி ஆக்காதே. இரவு மெஸ், தனிச் சமையலறை, புது வயரிங் என்று எழுது. அதற்குச் செலவாகும் என்பதால்தான் பலர் சுவரொட்டி என்று எழுதுகிறார்கள்.

ஆனால் இருபத்தோராம் பக்கம்! மூன்றாம் மாடிச் சுவரை விரலால் தட்டிப் பார்த்து, பெயிண்டுக்குப் பின்னால் இருப்பது ப்ளைவுட் என்று கண்டுபிடித்திருக்கிறாய். ஒரு அறையை இரண்டாக்கிய தடுப்பு அது. ஜன்னல் ஒரு பக்கத்துக்கு மட்டும்தான். கட்டில் கட்டிலாக எண்ணி, கையாலேயே வரைபடமும் போட்டிருக்கிறாய். இந்தத் தொழிலில் நான் பார்த்த மிகச் சிறந்த பக்கங்களில் அது ஒன்று. அந்தக் கண் எல்லோருக்கும் வாய்ப்பதில்லை.

அந்தக் கண்ணோடு இரவில் ஒருமுறை போய் வா. அறிக்கையைத் திருத்தி எழுது. பூட்டைக் கழற்றும் வரை கையெழுத்துப் போடாதே. எவ்வளவு பெரிய மேனேஜர் சொன்னாலும் போடாதே.