மரையாணியும் கொய்விசையும்

பூக்கொய்தல், கதிர்கொய்தல் என நாம் வழங்குஞ் சொல்லே பொறியியலிற் கொய்விசை எனப் பெயர்பெற்றது. மரையாணியாற் பிணைத்த இரு தகடுகள் எதிரெதிராய் இழுபடுங்கால், ஆணியைக் குறுக்கே துணிக்க முயல்வது அவ்விசை. சுரை இறுகியிருக்குமளவும் தகடுகளிடை எழும் உராய்வே சுமையைத் தாங்கும். சுரை தளர்ந்து தகடுகள் வழுக்கினால், சுமை ஆணியின்மேல் விழும். அப்போது மரை எங்குளது என்பதே முக்கியம். 16 மில்லிமீற்றர் ஆணியின் தண்டுக்குக் குறுக்குப்பரப்பு 201 சதுர மில்லிமீற்றர். வழக்கமான மரையிட்ட பகுதிக்கோ கணக்கிற் கொள்வது 157 மட்டுமே. ஆதலால் தகடுகள் சந்திக்குமிடத்தில் மரை வரின், வலிமையில் ஐந்திலொரு பங்குக்கு மேல் இழப்போம். மரையற்ற தண்டு அவ்விடத்தில் அமையுமாறு ஆணியைத் தேர்தலும், சுரையின் இறுக்கத்தைச் சோதித்தலும் மாணாக்கர் கடன். பொறியருகே நிற்போரின் உயிர் அச்சிற்றாணியிலே தங்கியிருத்தலை நாம் மறவாதிருப்போமாக.